வைப்பறையில் சம்பந்தி

நகரத்தின் நடுவில், பேருந்துகள் ஒன்றையொன்று உரசாத குறையாகத் திரும்பும் நாற்சந்தியில், சுற்றுலாப் பயணிகள் வரவேற்பு மையம் முழுக்க முழுக்கக் கண்ணாடியால் கட்டப்பட்டிருந்தது. வருகிறவர்களுக்கு அங்கே எல்லா வசதிகளும் இருந்தன. உட்கார இடம் மட்டும் இல்லை. இருந்த நான்கு பெஞ்சுகளிலும் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேர் விட்டிருந்தார்கள். சக்கர நாற்காலிகளும் உண்டு. அவை புத்தம் புதியவை என்பதால், யாராவது உட்கார்ந்து அழுக்காக்கிவிடக் கூடாதென்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ‘உங்கள் வசதிக்காக’ என்று அழகிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற தையற்காரர் அந்த நாற்காலிகளைச் சற்று நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு தம் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற பார்வைக் கோபுரத்தில் ஏறுவதற்காக அவருடைய மகளும், மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் தாயாரும் அவரை அழைத்து வந்திருந்தார்கள். கோபுரத்தில் லிஃப்ட் இருந்தது. ஆனால் அது இறங்குவதற்கு மட்டும். ஏறுகிறவர்கள் நகரத்தின் வரலாற்றை மூச்சு வாங்கியே உணர வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை.

“நான் இங்கயே ஒரு ஓரமா இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க,” என்றார் தையற்காரர்.

“ஓரம் எங்கப்பா இருக்கு? ஓரத்துலயும் ஆள் நிக்கிறாங்க,” என்றாள் மகள்.

மாப்பிள்ளை அப்போது பெட்டிகளை ஒப்படைக்க வைப்பறைக் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தார். கம்பிவலைக்குப் பின்னால் அறை குளுகுளுவென்று இருந்தது. தரையில் கம்பளம் விரித்திருந்தது. போதாக்குறைக்கு, யாரோ ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வராமலே போன ஒரு மெத்தை நாற்காலியும் பெட்டிகளுக்கு நடுவே காலியாகக் கிடந்தது.

“மேடம், எங்க மாமா கொஞ்ச நேரம் உள்ள உட்காரலாமா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

வைப்பறைப் பொறுப்பாளர் மிகவும் பணிவான இளம்பெண். “மன்னிக்கணும் சார். ஆட்களுக்கு அனுமதி இல்ல. பொருளுக்கு மட்டும்தான்.”

“அப்ப பொருளா வெச்சுக்கோங்க.”

அவர் சிரிக்கவில்லை. கணினியைத் தட்டி விதிகளை மேலிருந்து கீழாகப் படித்தார். “வெடிமருந்து… பச்சை மீன்… கூண்டில்லாத பறவை… மாமனார்னு எதுவும் போடல சார். தாராளமா வைக்கலாம். உடையக்கூடியதா?”

“தட்டினா உடைய மாட்டாரு. அவர் தைச்ச சட்டையைக் குறை சொன்னா உடைஞ்சுடுவாரு.”

தையற்காரரைத் தராசில் நிற்க வைத்தார்கள். சட்டைப் பொத்தானில் அட்டை கட்டினார்கள். அவர் உள்ளே சென்று நாற்காலியில் அமர்ந்த பிறகு, பொருளின் அடையாளங்களை மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் சொல்ல, பொறுப்பாளர் கணினியில் ஏற்றிக்கொண்டார். அவை உள்ளே இருந்தவரின் காதில் விழவில்லை. ஆனால் அடுத்துப் பேசியவரின் குரல் நன்றாகவே விழுந்தது. அவர் ஒரு பள்ளிக்கூடத்தையே குரலால் கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மாப்பிள்ளையின் தாயார், முறைப்படி சம்பந்தி.

“டேய், சீட்டை என்கிட்ட குடு. நீ தொலைச்சுடுவ. சம்பந்தி! கவலையே படாதீங்க. நானே வந்து உங்களை மீட்டுட்டுப் போறேன். நமக்கு இது புதுசா என்ன?”

தையற்காரருக்கு அந்தக் குளுகுளு அறையிலும் வியர்த்துவிட்டது.

மகளின் கல்யாணத்தன்று அவர் மண்டபம் மாறிப் போய், முன்பின் தெரியாத ஒரு மணமகளுக்கு முன்வரிசையில் அமர்ந்து கண் கலங்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துச் சரியான மண்டபத்துக்கு அழைத்து வந்தவர் இதே சம்பந்தியம்மாள்தான். அன்று முதல் நான்கு பேர் கூடினால் அந்தக் கதை. ஐந்தாவது ஆள் வந்தால் முதலிலிருந்து மறுபடியும் அதே கதை. இப்போது வைப்பறையிலிருந்தும் அவரே மீட்டுவிட்டால், இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் பிறந்துவிடும். தம் ஆயுள் முழுவதும் எந்தக் கூட்டத்திலும் தலை நிமிர முடியாது. அந்த அம்மாள் இறங்கி வருவதற்குள் எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்று தையற்காரர் முடிவு செய்தார்.

எழுந்து கம்பிவலை அருகே வந்தார். “அம்மா, எனக்கு முழங்கால் சரியாயிடுச்சு. கதவைத் திறங்க.”

“சீட்டு இருக்குங்களா?”

“சீட்டு அவங்ககிட்ட இருக்கு. ஆள் நான் இருக்கேனே!”

“அதான் சார் சிக்கல். பொருள் தன்னைத் தானே வாங்கிக்கிட்டுப் போக விதியில இடமில்ல. நேத்து ஒருத்தர் பெட்டியே தானா நடந்து வந்து வெளிய விடச் சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார். சக்கரம் வெச்ச பெட்டியா இருந்தாலும் சீட்டு வேணும்னுட்டேன்.”

தையற்காரர் மகளைக் கைப்பேசியில் அழைத்தார். கோபுரத்து உச்சியின் காற்று அவர் காதுக்குள் ஊதியது.

“அப்பா! இங்கேருந்து பாத்தா ஊரே தீப்பெட்டி மாதிரி இருக்குப்பா!”

“அது கிடக்கட்டும். நீயோ மாப்பிள்ளையோ சீட்டை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க.”

“அத்தை அப்பவே இறங்கிட்டாங்களே. அவங்ககிட்டதான் சீட்டு இருக்கு. இந்நேரம் உங்ககிட்ட வந்திருப்பாங்க, பாருங்க.”

தையற்காரர் நாற்காலிக்குத் திரும்பினார். வழி ஒன்றுதான் பாக்கி. பொருள் என்று சொல்லித்தானே வைத்தார்கள், அந்த அம்மாள் வந்து கூப்பிட்டாலும் அசையாமல் பொருளாகவே இருந்துவிடுவது. பக்கத்தில் நின்ற பச்சைப் பெட்டி எப்படி எதற்கும் அசைந்து கொடுக்காமல் நின்றதோ, அதைப் பார்த்துப் பார்த்துத் தாமும் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, முகத்தைக் கழுவித் துடைத்தாற்போல் வைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மாள் வந்தார். சீட்டைக் கவுன்டரில் வைத்த தோரணையில் ஓர் அரசாங்கமே ஆட்டம் கண்டிருக்கும்.

“அவரை எடுத்துக் குடும்மா.”

“கண்டிப்பா மேடம். பொருளோட அடையாளம் ஒண்ணு சொல்லணும். ஒப்படைச்சவர் சொன்னதோட ஒத்துப் போகணும். மூணு தடவை சொல்லலாம். அதுக்குள்ள சரியா வரலைன்னா ஒப்படைச்சவரே நேர்ல வரணும்.”

“இதோ கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்காரே! சரியான பிடிவாதக்காரர், எழுதிக்கோ.”

“குணத்தை அடையாளமா எடுத்துக்க மாட்டோம் மேடம். வெளியே தெரியணும். அதோட, சொல்லும்போது பொருளைப் பாக்கக் கூடாது. திரும்பி நின்னு சொல்லுங்க. ஒண்ணு போச்சு.”

சம்பந்தியம்மாள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் சொல்லித் திரும்பி நின்றார். “சட்டை… நீலம்.”

சாம்பல் நிறம்! தம் கையாலேயே வெட்டி, தம் கையாலேயே காஜா எடுத்த சாம்பல் நிறச் சட்டை! காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்து வந்தவருக்கு இதுகூடவா கண்ணில் படவில்லை? தையற்காரருக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. மறுபக்கம் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் மாப்பிள்ளை வருவார், மானம் தப்பும்.

“ரெண்டு போச்சு மேடம்.”

சம்பந்தியம்மாள் பேசவில்லை. அந்த மௌனம் அவர் இயல்புக்குப் பொருந்தாததாக இருந்ததால், பொருளாக இருந்தவர் தம்மையும் மீறிக் கண்ணை உருட்டிப் பார்த்தார். அந்த அம்மாளின் இடது செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. பாதம் ரொட்டி மாவுபோல் உப்பியிருந்தது. அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல், கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சுகள் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே ஒருவர் இரண்டு கைப்பேசிகளுக்குச் சேர்த்து இரண்டு இடம் பிடித்திருந்தார்.

“எழுந்திருக்கும்போது,” என்று மெதுவாக ஆரம்பித்தார் சம்பந்தியம்மாள், “எல்லாரும் அப்பாடான்னு சொல்லுவாங்க, அம்மான்னு சொல்லுவாங்க. இவர் ‘குட்டிம்மா’ம்பார். அது எங்க மருமகளோட செல்லப் பேரு. முழங்கால் எப்பல்லாம் ரொம்ப வலிக்குதோ, அப்பல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் எழுந்திருப்பார். ஒரே வீட்டுல இருக்கோம், சாப்பாட்டு மேஜையில நான் தினமும் கேக்கறேனே.”

தையற்காரர் திடுக்கிட்டார். அப்படியொரு பழக்கம் தமக்கு இருப்பது அவருக்கே தெரியாது.

பொறுப்பாளர் திரையைப் பார்த்தார். “சார் சொன்ன மூணாவது அடையாளம் இதேதான் மேடம். ஆனா இது பார்த்ததும் தெரியற அடையாளம் இல்லையே. பொருள் எழுந்து காட்டினாத்தான் என்னால உறுதி பண்ண முடியும். பொருளை எழுந்திருன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல.”

மூவரும் காத்திருந்தார்கள். தையற்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமேயில்லை. இன்னும் சற்று நேரம் பச்சைப் பெட்டியைப்போல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டாம் பாகம் பிறக்காமலே போய்விடும். அவர் மண்டபக் கதையை நினைத்துக்கொண்டார். வருங்காலச் சிரிப்பொலிகளை நினைத்துக்கொண்டார். பிறகு, வேண்டாம் வேண்டாமென்று இருந்தும், அந்த உப்பிய பாதத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டார்.

நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றினார்.

“குட்டிம்மா…” என்று எழுந்து நின்றார்.

“சரியா இருக்கு,” என்று பொறுப்பாளர் கதவைத் திறந்து, பொத்தானிலிருந்த அட்டையை அவிழ்த்தார்.

“பாத்தீங்களா, மீட்டுட்டேன்!” என்றார் சம்பந்தியம்மாள். உடனேயே குரலைத் தணித்து, “ஏம்மா, அந்த நாற்காலி இப்ப காலிதானே? என்னையும் கொஞ்சம் உள்ள வெச்சுக்கோயேன்.”

“வெச்சுக்கலாம் மேடம். ஆனா பொருள் தன்னைத் தானே ஒப்படைச்சுக்க முடியாது. யாராவது ஒருத்தர் வைக்கணும்.”

சம்பந்தியம்மாள் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி விட்டத்தைப் பார்த்தார்.

“வைங்களேன் சம்பந்தி. என்ன பாக்கறீங்க?”

“இல்ல, எடை அதிகமானா கூடுதல் கட்டணமான்னு யோசிச்சேன்.”

“இதுக்கெல்லாம் சேத்து வீட்டுக்கு வாங்க, வெச்சுக்கறேன்.”

அவரும் தராசில் நின்றார். எடையை உரக்கப் படிக்கக் கூடாதென்று பொறுப்பாளரிடம் உத்தரவிட்டார். அட்டை கட்டப்பட்டு உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தவர், இரண்டு கால்களையும் தூக்கிப் பச்சைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஒப்படைக்கிறவர் நீங்கதானே சார்? ஒரு அடையாளம் சொல்லுங்க,” என்றார் பொறுப்பாளர்.

தையற்காரருக்கு வாயில் வரிசையாக நிறைய வந்தது. பல வருடங்களாகச் சேர்த்து வைத்த சரக்கு. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, குனிந்து, மெல்லச் சொன்னார்: “கால் வீங்கிப் போனாலும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க.”

“அது குணம் சார்.”

“இல்லம்மா. நல்லாப் பாருங்க, வெளியே தெரியும்.”

பொறுப்பாளர் கம்பிவலை வழியாகப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் கணினியில் ஏற்றிக்கொண்டு, சீட்டை எடுத்துத் தையற்காரரிடம் நீட்டினார்.

“என்ன சொன்னீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “சம்பந்தி! குசுகுசுன்னு என்ன சொன்னீங்க? குண்டுன்னுதானே சொன்னீங்க?”

“நான் வந்து மீட்கும்போது தெரிஞ்சுக்குங்க,” என்று சீட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார் தையற்காரர். “போய் பசங்களைக் கூட்டிக்கிட்டு உடனே வந்துடறேன்.”

“அவசரமே இல்ல,” என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார் சம்பந்தியம்மாள். “மெதுவா வாங்க.”