மங்கலம் எடுத்த கோணவகிடு

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பதற்கு முன்பே, “சிங்காரிக்க மங்கலத்துக்கிட்ட சொல்லியாச்சா?” என்று கேட்பார்கள். பதினோரு மணப்பெண்கள் அவள் கையால் சடை பின்னி, நெற்றிச்சுட்டி கட்டி, மை தீட்டி மணவறை ஏறியிருந்தார்கள். அவர்களில் ரெண்டு பேர் அப்படியொன்றும் பார்க்கச் சகிக்கிறவர்கள் இல்லை என்பதையும் மங்கலமே சொல்லிவிடுவாள். அந்த ரெண்டு பேரைத்தான் தன் கைத்திறனுக்கு அத்தாட்சியாகவும் காட்டுவாள்.

அவள் புருஷன் ஆறுமுகநயினார் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கி வந்து ரெண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். பிள்ளைகுட்டி இல்லை. ஆகவே மங்கலத்துக்குத் தன்னை அலங்கரித்துக்கொள்ள நேரம் இருந்தது. அடுத்தவள் அலங்காரத்தில் குற்றம் கண்டுபிடிக்க அதைவிட நிறைய நேரம் இருந்தது. காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்தாளானால் தலையில் நாலு விரல் கனத்துக்குத் தோவாளைப் பிச்சிப்பூ, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், முழங்கை வரை கண்ணாடி வளையல், அரக்குக் கட்டம் போட்ட சேலை. அவளைப் பார்த்துவிட்டுத்தான் தெருப் பெண்கள் அன்றைக்கு என்ன நிறம் உடுத்துவது என்று முடிவு செய்வார்கள். அப்படிச் செய்யாதவர்களை மங்கலம் ஞாபகம் வைத்திருப்பாள்.

சர்க்கார் பஸ் ஓடத் தொடங்கி ஒரு வருஷம் இருக்கும். ஆனி மாதத்தில் எதிர்மாடிக்கு சுசீலாபாய் குடிவந்தாள்.

நாகர்கோவில் பக்கத்துக்காரி, பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண் என்பதால் பூ கிடையாது, பொட்டு கிடையாது, மூக்குத்தி கிடையாது. காதுகூடக் குத்தவில்லை. முதல் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்த மங்கலத்துக்கு மனசு குளிர்ந்தே போயிற்று. “ஐயோ பாவம், உரிச்ச கோழி மாதிரி நிக்கா” என்று அடுத்த வீட்டுச் சிவகாமியம்மாளிடம் இரக்கப்பட்டாள்.

அந்த இரக்கம் பத்து நாள் தாங்கவில்லை. சுசீலாபாய் சந்தன நிறச் சேலையை இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் உடுத்துவாள். கழுத்து வரை பொத்தான் போட்ட ரவிக்கை, தோளில் புஸ்ஸென்று உப்பிய கை, ஓரத்தில் விரல் அகலத்துக்கு லேஸ். வகிடு நடுவில் இல்லை; இடது புருவத்துக்கு மேலே கோணலாக ஓடும். அங்கிருந்து முடி அலை அலையாக இறங்கிக் காதைப் பாதி மூடிப் பின்னங்கழுத்தில் போய் அடங்கும். அவள் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் தையல்காரர் வேலாயுதனின் மிஷின் சத்தம் நின்றுவிடும். அது எத்தனை நொடி நின்றது என்பது மங்கலத்துக்குத் தெரியும். மங்கலம் நடக்கும்போது மிஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பூக்காரி வேறு ஒருநாள் வாயைக் கொடுத்தாள். “டீச்சருக்குப் பூவு வேண்டாமாம் சேச்சி. பாத்தா, வேணும்னு தோணவும் இல்லை.”

மங்கலம் ரெண்டு நாள் அவளிடம் பூ வாங்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கினாள்; ஆனால் ஒரு முழம் குறைத்து.

உள்ளுக்குள் எரிந்தது இதுதான்: இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொண்டு ஒருத்தி அழகாக இருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றுமே போடாமல் ஒருத்தி அழகாக இருந்தால் அதை என்னவென்று சகிப்பது? திருட வந்தவளைப் போல மங்கலம் ஜன்னல் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். எதிர்மாடி ஜன்னல் மட்டும் காலையில் ஏழிலிருந்து எட்டு மணி வரை சாத்தியே இருந்தது. அலை உண்டாவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ஆவணியில் சிவகாமியம்மாளின் மகள் ஆவுடைக்குக் கல்யாணம். பன்னிரண்டாவது மணப்பெண். மங்கலம் நெற்றிச்சுட்டியைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் சிவகாமியம்மாள் வந்து, உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காராமல் நிற்கிற சிவகாமியம்மாள் நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை.

“மங்கலம், உனக்குத் தெரியாததா. மாப்பிள்ளை மெட்ராஸ்ல படிச்சவரு, கேட்டியா. சாயங்காலம் ரிசப்ஷன்னு ஒண்ணு வைக்காவளாம்.”

“வைக்கட்டும் மைனி. அதுக்கும் நான் சடை மாத்திப் போட்டாப் போச்சு.”

“அதுக்கில்ல. இந்தக் குட்டி சொல்லுதா, சாயங்காலத்துக்கு டீச்சர் மாதிரி ஸ்டைலாயிட்டு வேணுமாம். அலை வச்சு. காலையில நீ, சாயங்காலம் டீச்சர்னு…”

“அரைப் பொண்ணை நான் சிங்காரிக்கணுமாக்கும்? மீதி அரையை அவ வந்து உரிச்சு எடுப்பா, அப்படித்தானே?”

“கோவப்படாத பிள்ளே. முடிவு ஒண்ணும் பண்ணல. வெள்ளிக்கிழமை பொன்னுருக்குக்கு எல்லாரும் வருவாவல்லா, அங்க வச்சுப் பேசிக்கிடுவோம்.”

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. கோணவகிடும் அலையும் டீச்சர் வீட்டுச் சொத்தா என்ன? எல்லார் முன்னாலும் தன் தலையிலேயே அதை வைத்துக் காட்டிவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? மங்கலம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் நாள் தண்ணீர் தொட்டு அழுத்தினாள், காய்ந்ததும் போயிற்று. ரெண்டாம் நாள் எண்ணெய். தலை எருமைக் கன்றைப்போல மினுங்கியது, அலை நிற்கவில்லை. மூன்றாம் நாள் தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கிக் கொழகொழவென்று தாளி பிழியும்போது, விரலில் காய்ந்த தாளி மொரமொரவென்று ஒட்டியிருந்ததைக் கவனித்தாள். சும்மாவா பதினோரு பெண்களைச் சிங்காரித்தாள்? துணியில் வடித்த தாளியை முடியில் தடவி, விரலால் மேடும் பள்ளமுமாக அழுத்தி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கொண்டை ஊசி செருகி, வெயிலில் உட்கார்ந்தாள். ஊசிகளை எடுத்தபோது அலை அப்படியே நின்றது. சங்குமுகம் கடல்கூட அவ்வளவு ஒழுங்காக அலையடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொன்றாகத் தீர்மானம் ஆயிற்று. பிச்சிப்பூவை வைத்துப் பார்த்தாள்; அலை நசுங்கியது, எடுத்துவிட்டாள். காலணாக் குங்குமம் கோணவகிட்டுக்கு ஒத்துவரவில்லை. கடுகளவு சாந்துப்பொட்டு வைத்தாள். மேலே பவுடர் போட்டாள், அதுவும் காணாமல் போயிற்று. வேலாயுதன் ரகசியமாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கை கழுத்து வரை மூடியதால் தாலி உள்ளே போயிற்று. லேஸில் சிக்கிய கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தாள். சேலை, சந்தன நிறம் கேட்டதற்குக் கடைக்காரன் கொடுத்தது. வீட்டு வெளிச்சத்தில் சந்தனம், வெயிலில் வெள்ளை. கண்ணாடியில் பார்த்தாள். சுசீலாபாயைவிட ஒரு படி மேல். சந்தேகமே இல்லை.

சிவகாமியம்மாள் வீட்டு முற்றத்தில் ஆசாரி தாலிக்குப் பொன் உருக்கக் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சுமங்கலிகள் சுற்றி நின்றார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சில் சுசீலாபாயும் இருந்தாள். மங்கலம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

பேச்சு நின்றது. ஆசாரியின் ஊதுகுழலும் நின்றது.

மங்கலம் அந்த மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். இடது பக்க அலை எல்லாருக்கும் தெரியும்படி முகத்தை லேசாகத் திருப்பிக்கூடக் காட்டினாள். சிவகாமியம்மாள் குங்குமத் தட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்ததை அவள் பார்க்கவில்லை.

மூலை வீட்டுத் தாயம்மைதான் முதலில் மாரில் அடித்துக்கொண்டாள். “அடி பாவி! கல்லாத்துல வெள்ளம்னு நேத்தே சொன்னாவளே! நயினார் அண்ணாச்சி மலையிறங்கி வார வழியாக்கும் அது!”

அவ்வளவுதான். நாலு பேர் ஓடிவந்து மங்கலத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார்கள். அப்போதும் மங்கலத்தின் கவலை அலை நசுங்குகிறதே என்பதுதான். “அண்ணாச்சி முகத்தை இனி எங்க பாப்போம்” என்று ஒருத்தி காதுக்குள் அழுத பிறகுதான் விஷயம் உறைத்தது. பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்க்க நேரமில்லை. ரவிக்கைக் கழுத்தைப் பற்றி இழுத்தாள். லேஸ் டர்ரென்று கிழிந்தது. தாலியை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

“உயிரோட இருக்காவ! நேத்துத்தான் கடுதாசி வந்துது! மூக்கடைப்பாம், சுக்கு வாங்கி அனுப்பச் சொல்லி எழுதியிருக்காவ!”

கழுத்தைக் கட்டியிருந்த கைகள் விலகின. அப்புறம் முற்றம் முழுக்கச் சிரிப்பு. அழுதவள்தான் அதிகமாகச் சிரித்தாள். சிவகாமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“பொன்னு உருக்குத நேரத்துல அறுத்தவ கோலத்துல வந்து நிக்கியே, உனக்கு மூளை இருக்கா? எம் பொண்ணைச் சிங்காரிக்க நீ வரவே வேண்டாம். காலையிலயும் சாயங்காலமும் டீச்சரே பாத்துக்கிடட்டும். போ, போய்ப் பூவும் பொட்டும் வை முதல்ல!”

மங்கலம் திரும்பும்போது பெஞ்சைப் பார்த்தாள். அங்கேயும் அதே வெறுந்தலை, அதே வெறும் நெற்றி, அதே கழுத்து மூடிய ரவிக்கை. அவளுக்கு ஒரு பெண் தாம்பாளத்தில் வெற்றிலையும் கல்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடுத்தினால் ஸ்டைல். இவள் உடுத்தினால் இழவு.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் சீப்பை எடுத்தாள். அலையைக் கலைக்கக் கை எழவில்லை. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் அது அழகாகத்தான் இருந்தது.

“அக்கா, உள்ள வரலாமா?”

சுசீலாபாய் வாசலில் நின்றாள். பரிதாபப்பட வந்திருப்பாள் என்று மங்கலம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பார்வை மங்கலத்தின் முகத்தில் இல்லை. வகிட்டில் தொடங்கிக் காது வரை அலை அலையாக இறங்கியது.

“நாலு பேர் பிடிச்சு உலுக்கினாங்க. அப்பவும் கலையலியே அக்கா. நான் தினமும் ஒரு மணி நேரம் இரும்புக் கம்பியைக் கரியில சூடு பண்ணிச் சுத்துதேன். பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மணி அடிக்க முன்னால தொங்கிப்போகுது. இங்க பாருங்க.” முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது. “நீங்க எப்படி வச்சீங்க?”

மங்கலம் அந்தக் கண்களைப் பார்த்தாள். அவற்றில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. ஆனியிலிருந்து தன் கண்ணாடியில் தினமும் பார்த்துவந்தது. ரெண்டு மாதமாக இவ்வளவு இனிப்பான ஒன்று அவள் வாய்க்குக் கிடைத்ததில்லை.

“நான் எங்க வச்சேன்? என் முடியே அப்படித்தான்” என்றாள்.

சுசீலாபாய் நம்பவில்லை. நம்பாமல் நின்றது இன்னும் இனித்தது.

அதற்குள் ஆவுடை மூச்சிரைக்க ஓடிவந்தாள். பின்னாலேயே சிவகாமியம்மாள், அடுப்பில் வைத்த பாலை விட்டுவிட்டு வந்தவள் முகத்தோடு.

“அத்தை, எனக்கு இந்த அலைதான் வேணும்! நீங்க போட்டாத்தான் நான் மணையில இருப்பேன்!”

“இவ சோறு திங்கமாட்டாளாம்” என்றாள் சிவகாமியம்மாள் சுவரைப் பார்த்து. “ரெண்டு வேளையும் நீயே பாரு. பூவுக்கு மட்டும் ஒரு வழி பண்ணு. என் மானத்தை வாங்காத.”

“பூவைப் பின்னங்கழுத்துல கீழ வச்சு ஊசி குத்துவேன். அலையில படாது.” மங்கலம் குங்குமச் சிமிழைத் திறந்து, காலணாவைக் கொஞ்சம் தாண்டிய அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டாள். “ஒரே ஒரு காரியம் மைனி. நான் சிங்காரிக்கும்போது ரூமுக்குள்ள ஒருத்தரும் வரப்பிடாது. டீச்சரும்தான்.”

அப்படியே நடந்தது. தாளியை வீட்டிலேயே பிழிந்து, மூடி போட்ட செம்பில் கொண்டுபோனாள். ரிசப்ஷனில் ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மெட்ராஸிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தி, தங்கப் பிரேம் போட்ட கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“யாரு அலங்காரம்? மெட்ராஸ்லகூட இப்படி வராதே!”

“மங்கலம் அத்தையாக்கும்” என்றாள் ஆவுடை, தலையை அசைக்காமல்.

மங்கலம் அடக்கமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். இன்னும் கொஞ்சம் புகழட்டும் என்று சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தியின் கண் அங்கே இல்லை. கூட்டத்தைத் தாண்டி வாசல் பக்கம் போயிருந்தது. அங்கே சுசீலாபாய் அன்றைக்கு அலைகூட இல்லாமல், முடியைச் சும்மா இழுத்து முடிந்துகொண்டு, யாரோ ஒரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு யாரும்மா? என்ன லட்சணம்!”

“அதுவா?” என்றாள் மங்கலம். “பள்ளிக்கூடத்து டீச்சர். தலைவாரக்கூட நேரம் கிடையாது பாவம்.”

சொல்லிவிட்டு, அந்த முடிச்சை எப்படிப் போட்டிருக்கிறாள் என்று பார்க்க மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தாள்.