ஒரு வண்டிக்கு ஒரு கை

“அந்தப் பையன் அப்படி என்ன தப்பா சொல்லிட்டான்னு ஷோரூமே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துனீங்க?”

“என்ன சொன்னானா? குடும்பத்தோட அஞ்சு பேர் போற வண்டி. இருநூறு குதிரை இழுக்கற எஞ்சின். ஆனா கியர் கிடையாதாம். ‘இந்த மாடல்ல மேனுவல நிறுத்திட்டாங்க சார், யாரும் கேக்கறதில்ல’ன்றான். நா கேக்கறேன்ல? அப்ப நா ஆளே இல்லியா?”

“ஊரு பூரா அப்படித்தாம்பா ஆயிடுச்சு. வேகமா போற பெரிய வண்டி எல்லாம் இப்ப ஆட்டோமேட்டிக்தான். உங்க முட்டிக்கும் அதான் நல்லது. கிளட்ச மிதிக்கறப்பல்லாம் பல்லக் கடிக்கறீங்க. பாக்க முடியல.”

“பாக்காத. ஜன்னல் பக்கம் திரும்பிக்கோ.”

“சரி, புதுசு வாங்க வேணாம். இதையே நா ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க.”

“நீயா? மிக்ஸிக்கு சுவிட்ச் போடற மாதிரி வண்டி ஓட்டிப் பழகினவ நீ. ஒரு வண்டிக்கு ஒரு கைதாம்மா. கை மாறிச்சுன்னா கிளட்ச் போயிடும்.”

போன ஐப்பசியில், ஓசூர் ரோட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவுக்கும் மகள் தாரணிக்கும் நடந்த பேச்சு அது. பின் சீட்டில் அம்மா சாந்தகுமாரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்றும் போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு அந்தப் பேச்சைப் பேசியவர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். தாரணி பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை செருகியும் விளக்கு எரியவில்லை. மூன்றாவது முறை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். எரிந்தது.

“மெதுவாம்மா, மெதுவா” என்றாள் மாடி வீட்டு அம்மாள். பிறகு, சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியை அவளும் கேட்டாள். “கடைசியா எதுனா சொன்னாரா?”

“இல்ல” என்றாள் தாரணி.

காலையிலிருந்து இது ஒன்பதாவது பொய். சொல்லத்தான் செய்தார். அதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கணேசமூர்த்தி பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னால், சேர்த்ததையெல்லாம் கொட்டி அந்தச் சிவப்பு டர்போ காரை வாங்கினார். பார்ப்பதற்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார். மிதித்தால் மைசூர் ரோட்டில் எவனும் பின்னால் வரமுடியாது. ஆஸ்டின் டவுனில் பழைய வீட்டை இடித்து நாலு வீடாகக் கட்டியபோது, கீழே பார்க்கிங்கில் ஒரு வீட்டுக்கு ஒரு வரிசைதான் கிடைத்தது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கார் நிற்கலாம். உள்ளே தாரணியின் ஆட்டோமேட்டிக். வாசலை அடைத்துக்கொண்டு அப்பாவின் சிவப்பு. அது நகர்ந்தால்தான் இது வெளியே வரும். இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தாரணியும் அவள் புருஷன் ஹரிஷ்குமாரும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. தினமும் காலை எட்டரைக்கு லுங்கியோடு இறங்கி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி, காரைப் பின்னால் எடுத்து மகளுக்கு வழிவிட்டு, மறுபடி உள்ளே இறக்கி நிறுத்துவார். “சாவிய குடுத்துட்டுப் படுங்களேன் மாமா” என்று ஹரிஷ் ஒருநாள் கேட்டதற்கு, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

இன்று காலை ஆறே முக்காலுக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தபோதும் அந்தக் கை அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரி எட்டு நிமிஷத் தூரம். ஆம்புலன்ஸ் ரிச்மண்ட் ரோட்டில் ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. “ஐது நிமிஷா மேடம், பந்தெ” என்று டிரைவர் மூன்று தரம் கன்னடத்தில் சொன்னான், இதோ ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டேன் என்று. போனில் கூப்பிட்ட டாக்ஸி இரண்டு முறை ரத்தானது. கார் ஓட்டத் தெரிந்த கீழ்வீட்டு கிளெமென்ட் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார்.

“சாவி குடுங்கப்பா!” என்று தாரணி கத்தினாள்.

வியர்த்துக் கொட்டிய முகத்தோடு அவர் சொன்னார். “ஹரிஷ் கையில குடுக்காத. கிளட்ச எரிச்சிடுவான். வாயுதான்... ஆம்புலன்ஸ் வரட்டும்.”

அதுதான் கடைசி வாக்கு. பெற்ற மகளுக்கு, கட்டிய மனைவிக்கு, எழுபத்தாறு வருஷம் வாழ்ந்துவிட்டு ஒரு மனுஷர் விட்டுப்போன சொல்.

விரல்களைப் பிரித்துத்தான் சாவியை எடுத்தாள். அவளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஹரிஷ் கீழே ஓடினான். அவன் கியர் வண்டி ஓட்டி லைசன்ஸ் வாங்கிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதன் பிறகு தொட்டதில்லை. மாமனார் எப்போதும் முதல் கியரில் போட்டு நிறுத்துவார் என்பதும் அவனுக்குத் தெரியாது. சாவியைத் திருப்பியதும் கார் ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற இவர்கள் காரின் பம்பரை இடித்து அணைந்தது. ரிவர்ஸ் விழவே இல்லை. பால்கனியிலிருந்து தாரணி, தெருவே கேட்க, “ஒரு வண்டிய பின்னால எடுக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆளு!” என்று கத்தினாள். அவள் திரும்பி உள்ளே வந்தபோது அம்மா, அப்பாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஏழு பத்து.

ஹரிஷ் அப்போதிருந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பெட்டியைத் தூக்கிவர ஒத்தாசை செய்ததும், கடைக்குப் போனதும் அவன்தான். ஆனால் வேலை முடிந்தால் அதே படியில் வந்து உட்கார்ந்தான். தாரணி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். மன்னிப்புக் கேட்கலாமென்றுதான் போனாள். வாயில் வேறு வந்தது.

“சக்கர கம்மியா இருக்கும். குடி.”

“ரிவர்ஸ் எங்க இருக்குன்னே தெரியல தாரணி” என்றான் அவன், டம்ளரைப் பார்த்தபடி. “எல்லாப் பக்கமும் தள்ளிப் பாத்தேன்.”

அவள் ஒரு நிமிஷம் அவன் தோளோடு தோளாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் ரகுராம் ஐதராபாத்திலிருந்து வந்து சேர்ந்தான். வந்தவன் நேரே மாடிக்கு வரவில்லை. கீழே அந்தச் சிவப்புக் கார்மேல் கவிழ்ந்து அழுதான். தாரணி பால்கனியிலிருந்து அதைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் அப்பா அவனைத்தான் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் காரில் பழக்கினார். ஒரு வண்டிக்கு ஒரு கை என்ற சட்டம் அவனுக்கு மட்டும் கிடையாது. இப்போது அவன் வைத்திருப்பது பேட்டரி கார்.

மேலே வந்து அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “வண்டிய விக்கக் கூடாது தாரணி. இனிமே இந்த மாதிரி வண்டி எவனும் செய்யப் போறதில்ல. அப்பா உசுரே அதுலதான் இருந்துது.”

“ஆமா, அதுலதான் போச்சு.”

“ஏய், என்ன பேச்சு இது?”

“கடைசியா என்ன சொன்னாருன்னு எல்லாரும் கேக்கறாங்கல்ல? நீ கேக்கலியே. கேளு. கிளட்ச எரிச்சிடுவான்னு சொன்னாரு. எம் புருஷன. உசுரு போற நேரத்துல எங்கள நம்பல, ஒரு தகரத்த நம்பினாரு. இந்த வீட்ல ஒருத்தராவது அத வாயத் தொறந்து சொல்லுங்களேன்! தப்பு பண்ணிட்டாருன்னு ஒருத்தர் சொல்லுங்க, எனக்கு அது போதும்.”

கீழ்வீட்டு கிளெமென்ட் தரையைப் பார்த்தார். ரகு அம்மாவைப் பார்த்தான். அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

“செத்தவங்கள குத்தம் சொல்லக் கூடாதும்மா” என்று தாரணியைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள் சரசு சித்தி. அம்மாவின் தங்கை, ஈஜிபுராவிலிருந்து முதல் ஆளாக ஓடிவந்தவள். உள்ளே போனதும் அவளே கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “எனக்கும் வயிறு எரியுதுடி. உங்கம்மா எடுத்திருந்தா எட்டு நிமிஷம்.”

“அம்மா என்னத்த எடுக்கறது?”

“வண்டியத்தான். தெரியாதா உனக்கு? எங்கப்பாவோட ஹெரால்டு காரை மைசூர் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போனவ அவ. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எழுவத்தாறுலயே லைசன்ஸ். கல்யாணத்துக்கு அப்புறம் மாமா வேணாம்னாரு. அதோட போச்சு. உன்கிட்ட சொல்லவே இல்லியா?”

தாரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, காலையிலிருந்து அப்பா மேலும் ஹரிஷ் மேலும் ஊர்வலத்தின் மேலும் சிதறிக் கிடந்த கோபமெல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கூடத்துக்குப் போய் அம்மாவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தாள்.

“உனக்கு கார் ஓட்டத் தெரியுமாம்மா?”

சாந்தகுமாரி தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். “தெரியும்.”

“அந்த வண்டியில ரிவர்ஸ் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“குமிழைக் கீழ அழுத்தி, இடது பக்கம் தள்ளி முன்னால போடணும். இருபது வருஷமா பின்னால உக்காந்து பாத்துட்டுதானே இருக்கேன்.”

“காலைல சாவி என் கையில இருந்துது. நீ பக்கத்துலதான் இருந்த. ஏன் கேக்கல? ஒரு வார்த்த! குடுடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா?”

அம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்பது போல.

“அவர் பாத்துட்டு இருந்தாரு” என்றாள்.

“என்னது?”

“அந்த வலியிலயும் என்னையேதான் பாத்துட்டு இருந்தாரு தாரணி. எங்க நா வாயத் தொறந்துடுவனோன்னு. நாப்பத்தேழு வருஷமா கேக்கல. சாவற நேரத்துல கேட்டா, பிடுங்கற மாதிரி இருக்குமேன்னு... வாயுன்னாரு. வாயுதான்னு நெனச்சுட்டேன்.”

தாரணி எழுந்து பால்கனிக்குப் போனாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கத்துவதற்கு ஆள் மிச்சமில்லை என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

மின்மயானத்தில் நாலு மணிக்கு நேரம் கிடைத்திருந்தது. அடுக்குமாடி வீடுகளில் சாவுச் சடங்கெல்லாம் பார்க்கிங்கில்தான். குளிப்பாட்டவும் பாடை கட்டவும் வேறு இடம் கிடையாது. இரண்டரைக்கு வந்த சடங்கு செய்யும் கோவிந்தன் கீழே சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டிங்க ரெண்டையும் வெளிய எடுத்தாத்தான் ஆகும், எடம் பத்தாது” என்றார்.

ரகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். தாரணியும் பின்னால் போனாள். அண்ணன் ஏறி உட்கார்ந்தான், கண்ணாடியைச் சரிசெய்தான், அப்பா செய்வது போலவே ஒரு தடவை கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தான். ரிவர்ஸ் விழுந்தது. ஆனால் தெருவுக்கு ஏறுகிற சரிவில் வண்டி அரையடி போய் அணைந்தது. மறுபடி. மறுபடி. பேட்டரி கார் பழகிய இடது கால் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டது. நாலாவது தடவை கருகின நாற்றம் வந்தது.

“கிளட்ச் எரியுது” என்றான் ஹரிஷ் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. தாரணி அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். அவன் கையை எடுக்கவில்லை.

அதற்குள் சவ வண்டி தெருவில் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். “விடுங்க சார், நா எடுத்துத் தரேன். எனக்கு எல்லா வண்டியும் பழக்கம்.”

“அதான் சரி” என்றார் கிளெமென்ட். ரகு இறங்கினான். காது வரை சிவந்திருந்தது. சாவியை டிரைவரிடம் நீட்டினான்.

“அக்கா! எங்க போற? பொணத்த விட்டுட்டுப் பொண்டாட்டி எறங்கக் கூடாது, அக்கா!”

படியில் சரசு சித்தியின் குரல். எல்லாரும் திரும்பினார்கள். சாந்தகுமாரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். காலையில் சொந்தக்காரர்கள் வைத்துவிட்ட பூ தலை நிறைய இருந்தது. செருப்புப் போடவில்லை. யாரையும் பார்க்காமல் காரைச் சுற்றி வந்து, டிரைவருக்கும் மகனுக்கும் நடுவே நின்றாள்.

“என்னம்மா வேணும்? மேல போ, நா வரேன்” என்றான் ரகு.

தாரணி ஹரிஷின் முழங்கையை விட்டாள். ஒரு எட்டு முன்னால் வைத்தாள். பிறகு அங்கேயே நின்றுகொண்டாள்.

அம்மா கையை நீட்டினாள். கடைசியாக ஒருமுறை என்று அன்று காலை அடுக்கிவிட்டிருந்த கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் வந்து குவிந்தன. கை தாழவில்லை.

“ரகு” என்றாள். “அந்தச் சாவிய என்கிட்ட குடு. நா ஓட்டறேன்.”