காற்று போகும் பக்கம்

மூன்றாவது தடவையாக, செத்துக் கிடந்த மனைவி பொன்மணியின் தலைமாட்டிலிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசல் வேம்படியில் குத்திவிட்டு வந்தான் உக்கிரபாண்டி.

"ஏலே, தலமாட்டுல ஒரு பத்தி கூட வைக்கக் கூடாதாக்கும்?" என்றாள் அவன் அக்கா வேலுத்தாய்.

"புகை அவளுக்கு ஆகாதுக்கா."

வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்மணிக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடியோடு போயிருந்தது. நெஞ்சில் கிருமி அண்டாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதனால் மாதம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரியில் மருந்தை ஆவியாக்கி இழுக்கக் கொடுத்தார்கள். "துட்டச் சப்புன மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பாள். இவன் எலுமிச்சை மிட்டாயை உரித்துத் தயாராக வைத்திருப்பான். பதினேழு மாதம், ஒரு தவணை தப்பவில்லை.

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கிற வேலை அவனுக்கு. வீட்டு வேலிக்கு வெளியிலேயே குளித்து, துணி மாற்றிய பிறகுதான் உள்ளே கால் வைப்பான். தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் வெடி மட்டும் வேண்டாமென்று போய்க் கும்பிட்டு நிற்பான். பட்டாசுக்காரனுக்குப் புகை ஆகாதாம் என்று ஊரே சிரித்தது.

நெஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை. நேற்று விடியலில் தலைக்குள் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். "நுரையீரல் கடைசி வரைக்கும் சுத்தமா இருந்துச்சு, நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பாடைத் தேர் கிளம்பும்போது பொன்மணியின் தம்பி ஸ்ரீராம்குமார் ஒரு பெரிய சரவெடியோடு தயங்கித் தயங்கி வந்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதீக. 'என்னயச் சத்தமில்லாம அனுப்பிராதலே, வெடிச்சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு'ன்னு அக்கா சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்லத்தான் மனசு வரல அதுக்கு."

உக்கிரபாண்டிக்குப் பொசுக்கென்று கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

பிறகு சரத்தைக் கையில் வாங்கினான். குனிந்து ஒரு பிடி மண்ணள்ளி விரலிடுக்கில் மெல்ல விட்டான். தூசி கிழக்கே சாய்ந்தது. தேரைத் தாண்டிக் கிழக்கே நூறடி நடந்து, கருவேலங்காட்டோரம் சரத்தை விரித்தான். மறுபடியும் மண்ணை விட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, அவ மூக்கத் துணியால மூடிரு" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்துவிட்டுத் திரியைப் பற்றவைத்தான்.