மூன்றாம் ஓலைக்கு முன் அழுத கூடு

1944 ஜனவரியில், சாந்தோம் பவுல்சாமி வாத்தியார் வீட்டில் மாதா படத்துக்கு மேலே குளவி கட்டிய மண்கூடு, கைக்குழந்தையைப் போல அழத் தொடங்கியது. வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அங்கே பிள்ளை பிறக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே கூடு அழுததில் யாருக்கும் வியப்பில்லை. யாருக்குப் பிள்ளை என்பதுதான் கேள்வி. வாத்தியார் மனைவி லூயிசாவுக்கு வயது நாற்பத்தாறு, முன்மயிர் நரைத்துவிட்டது. மிஞ்சியது மகள் மர்சலின். அவளுக்கும் அடையாற்று ஹென்றிக்கும் கோவிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம். அதற்குள் யாராவது எழுந்து தடை சொன்னால், மூன்று தலைமுறையாகக் கோவிலில் முன்வரிசையில் முழந்தாளிட்ட குடும்பம் தலை தூக்க முடியாது.

பவுல்சாமி கைக்கு அகப்பட்ட தோசைத் திருப்பியால் கூட்டைப் பெயர்த்தார். உள்ளே பச்சைப் புழுக்கள், சாகாமலும் நகராமலும், ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருந்தன. ஒன்று உடைந்து மஞ்சளாக அவர் மணிக்கட்டில் வழிந்தது. கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வருவதற்குள் குளவி எச்சிலில் மண் குழைத்துப் பாதிக் கூட்டை மறுபடி கட்டிவிட்டது. அழுகை முன்னிலும் பலமாக இருந்தது. ஏழு நாள் பெயர்த்தார், ஏழு நாளும் அது கட்டியது. வீட்டில் வேறு யாரையும் தொடாமல் அவரை மட்டுமே கொட்டியது. லூயிசா திருப்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தாள். அவர் தோசையையே நிறுத்திவிட்டார்.

எட்டாம் நாள் மர்சலினைக் கூப்பிட்டு, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்து, வயிற்றில் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார். அவள் செய்தாள். அதன்பிறகு அவரிடம் பேசவில்லை. மகளிடம் சத்தியம் வாங்கியது அழுக்கான வேலை என்று அவருக்கே தோன்றியது, ஆனாலும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை ஹென்றியின் தாய் ஆலிஸ் வந்தாள். கூட்டைப் பார்த்தாள், பிறகு மர்சலினின் இடுப்பைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, கூடு இந்த அழுவ அழுவுது. நாளைக்கி ஓலைய நிறுத்தச் சொல்லட்டா?"

பவுல்சாமி வாயைத் திறந்தார். காலையில் கொட்டிய உதடு பணியாரம்போல வீங்கியிருந்ததால் ஒரு சொல்லும் வரவில்லை. லூயிசாதான் பேசினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி. எனக்குத்தான். தூரம் நின்னு பூட்ச்சுனு நெனச்சிகினு இருந்தேன். மருத்துவச்சி வந்து பாத்துட்டு நாலாம் மாசம்னு சொல்லிட்டா. சொல்ல வெக்கமா இருந்தது."

ஆலிஸ் வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர் ரிட்டயர் ஆயிட்டார்னு இல்ல சொன்னாங்க," என்றாள்.

ஐம்பத்தாறு வயதில் தன் உடம்பை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் புழுக்கள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் மறுநாள் முன்வரிசையிலேயே முழந்தாளிட்டு, மூன்றாம் ஓலையைத் தலை குனியாமல் கேட்டார்.

ஜூலை முதல் வாரம் லூயிசாவுக்குப் பையன் பிறந்தான். அதே நிமிடம் கூடு ஓய்ந்தது. மருத்துவச்சி தட்டியும் குழந்தை அழவில்லை; கொட்டாவி விட்டது. ஆறு மாதம் கூடு அவனுக்காக அழுது முடித்திருந்ததால் யாரும் பயப்படவில்லை. பின்னாளிலும் அவன் அழுததில்லை.

ஞானஸ்நானத்துக்குப் புகுந்த வீட்டிலிருந்து வந்த மர்சலின், தம்பியை அப்பா மடியில் கிடத்திவிட்டு அடுக்களைக்குப் போனாள். தோசை சுட்டுக்கொண்டு வந்து, அப்பா எதிரில் அந்தத் திருப்பியாலேயே எடுத்து இலையில் போட்டாள். பவுல்சாமி திருப்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தின்று முடித்தார்.

"இன்னொண்ணு போடும்மா," என்றார்.

போட்டாள். மேலே கூடு சும்மா இருந்தது.