நேற்றைவிட

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பாதி திறந்தபடியே டாக்டர் பேசினார். அவருக்குத் தமிழ் வராது. உள்ளே கிடந்த மாமியாரின் வீட்டில் இங்கிலீஷ் என்றால் மருமகள்தான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாளெல்லாம் போன் எடுப்பவள். எங்கே போனாலும் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

'பெட்டர்' என்பது காதில் விழுந்தது. ஒட்டினாற்போல் 'தென் யெஸ்டர்டே', அதாவது நேற்றைவிட, என்றதும் விழுந்தது. பிறகு மூச்சைப் பற்றி வேகவேகமாக ஏதோ சொன்னார். பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் நாத்தனார் நின்றாள். மருமகள் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது.

"என்ன அண்ணி சொல்றாரு?"

"பெட்டராம்."

"அப்பாடா! அம்மாவுக்குச் சரியாயிடுச்சா?"

"ம்."

காய்ச்சல் விட்டால் பெட்டர், வயிற்றுவலி நின்றால் பெட்டர்; வீட்டில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். நேற்று படுமோசம், இன்று மோசம் என்றாலும் டாக்டர்கள் அதையேதான் சொல்வார்கள் என்று மருமகளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நாத்தனாரின் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"அப்ப நான் ஷிஃப்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன் அண்ணி. சூப்பர்வைசர் ஏற்கெனவே உர்ருனு இருக்கான்." தையல் கம்பெனிக்கு ஓடினாள்.

மத்தியானம் நர்ஸ் வெளியே வந்தாள். "மூச்சு வாங்குது, குழாய் போடப்போறோம். அப்புறம் பேச முடியாது. பொண்ணைப் பாக்கணுங்கறாங்க, எங்க அவங்க?"

கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மருமகள் மட்டும் உள்ளே போனாள். மாமியார் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வந்துட்டிருக்கா அத்தை," என்றாள் மருமகள். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

சாயங்காலம் வந்த நாத்தனார், கண்ணாடி வழியாகக் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"டாக்டர் என்னதான் அண்ணி சொன்னாரு?"

"நேத்தைவிட பெட்டர்னாரு. மிச்சம் எனக்குப் புரியல."

"புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் போயிருக்க மாட்டேனே."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. மருமகளுக்குத் தலை நிமிரவில்லை.

டாக்டர் வந்தபோது அவளை யாரும் முன்னால் தள்ளவில்லை. நாத்தனாரே போனாள். "மை மதர்... ஸ்லோ, ப்ளீஸ்," என்றாள். டாக்டர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார்.

மருமகள் பின்னால் நின்றாள். நாத்தனாரின் தோளில் வெட்டிய நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எடுத்துவிடக் கையை நீட்டினாள். தொடாமல், அப்படியே நின்றாள்.