தனியாக வாசித்தது

"ஆண்டு விழாவுல நீ தனியா வாசிக்கணும்" என்றார் தலைமையாசிரியை. பள்ளி பேண்டில் கடைசி வரிசையில் நின்று ட்ரம்பெட் ஊதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் வீட்டில் ஊதித் தள்ளினேன். உதடு வீங்கியது. கீழ்வீட்டு அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அப்பா காதில் பஞ்சோடு நடமாடினார்.

விழாவன்று, பளபளவென்று துடைத்த ட்ரம்பெட்டோடு மேடையேறினேன். தலைமையாசிரியை நான்கு பக்க ஆண்டறிக்கையை என் கையில் திணித்தார்.

"அந்தக் குழாயை ஓரமா வச்சிட்டு வாசிம்மா. உனக்குத்தான் உச்சரிப்பு சுத்தம்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். முன்வரிசையில் அப்பா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இன்னைக்குத்தாம்மா காதுக்கு இனிமையா வாசிச்சே!"

பஞ்சு இன்னும் அவர் காதிலேயே இருந்தது.