கோடு மட்டும்

வேலை மேசையைச் சீக்கிரம் காலி செய்யச் சொன்னாள் மகள். வீட்டில் இருக்கிற ஒரே பெரிய அறை அதுதான். அப்பாவை அங்கேதான் கிடத்தவேண்டும். தோலும் பசையும் மெழுகு நூலுமாகப் பரப்பிக் கிடந்தால் வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? அம்மா உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டே, மேசைக்கடியில் இருந்த கந்தல் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். அது மகள் கண்ணில் படக்கூடாது.

காலையில் எழுப்பப் போனபோது அவர் எழவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கடைத்தெருவில் அவருக்குச் சீப்பு என்று பெயர். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. சீப்பு மாதிரிப் பல் வைத்த உளியால் வந்த பெயர் அது. கடைசித் துளையில் உளியின் முதல் பல்லை உட்காரவைத்து அடுத்த அடி அடிப்பார். பர்ஸின் விளிம்பைச் சுற்றித் துளைகள் இடைவெளி பிசகாமல் வந்து சேரும். அவர் துளையிட, அவள் தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

கண் மங்கிய பிறகு உளி முந்தின துளையைத் தவறவிட ஆரம்பித்தது. தோலில் விழுந்த துளை விழுந்ததுதான், அழிக்கமுடியாது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மதியம் கண்ணயரும் நேரத்தில் புதுத்தோல் வெட்டி, சத்தம் கேட்காமலிருக்க அடியில் போர்வையை மடித்துப் போட்டு, அவளே துளையிடுவாள். கெட்டதெல்லாம் கந்தல் பைக்குள் போகும். பிறகு அடுப்படி, பிறகு தையல். முதுகு விட்டுப்போகும்.

"இன்னைக்கு எப்படி வந்திருக்கு?" என்று கேட்பார்.

"உங்க கைக்கு என்ன குறைச்சல்?" என்பாள்.

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொள்வார். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

போன வாரம் மட்டும் அவளுக்கு ஓய்வு கிடைத்தது. "அப்பப்போ எடுத்துட்டுப் போகாதே. எல்லாத்தையும் முடிச்சு மொத்தமா குடுக்கறேன்" என்றார். நாள் முழுக்க டொக் டொக் என்று சத்தம். அத்தனையையும் திரும்பச் செய்யவேண்டுமே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் படுத்து நன்றாகத் தூங்கினாள். இப்போது அந்தத் தூக்கம் நெஞ்சை உறுத்தியது.

பர்ஸ் கடைக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். "அந்தக் கை இனிமே எங்கேம்மா கிடைக்கும்? போன மாசச் சரக்குகூட, ஒரு துளை இப்படி அப்படி இல்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு பெருமைதாம்மா" என்றாள் மகள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "அதோடவே போயிட்டாரு."

காலையிலிருந்து அம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கை பிசகினது தெரியாமலே போய்விட்டார். பட்ட பாடு வீணாகவில்லை.

"மேசைக்கடியில ஏதோ கந்தல் பை கிடக்கு. எடும்மா, வெளியே போட்டுடறேன்."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

கனமாக வரும் என்று பலத்தைக் கூட்டி இழுத்தாள். பை வெறுமனே வந்துவிட்டது. உள்ளே கந்தல் துணிதான் இருந்தது. தோல் ஒரு துண்டுகூட இல்லை.

அவர் உட்காரும் பலகைக்குப் பின்னால் பழைய துண்டு போர்த்திய கட்டு ஒன்று இருந்தது. பிரித்தாள். மேலே இருந்தவை அவள் ஒளித்துவைத்த துண்டுகள். துளைமேல் துளையாக, இனி அடிக்க இடமே இல்லாமல் அடித்துத் தீர்த்திருந்தார். அவள் படுத்துத் தூங்கிய அந்த வாரமெல்லாம் கேட்ட சத்தம் அதுதான். எல்லாம் தெரிந்திருக்கிறது அவருக்கு.

அடியில் புதுத்தோல். அளவாக வெட்டி, பசை போட்டு ஒட்டி, விளிம்பையொட்டி அடிக்கோல் வைத்துக் கோடு கீறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

"என்னம்மா அது?"

"நான் பண்ணவேண்டிய வேலை" என்றாள்.

மகள் வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டாள். அம்மா அந்தப் புதுத்தோல் அடுக்கை மடியில் எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். மேலிருந்த தோலில் நகத்தை வைத்து, கோட்டின் வழியே மூலைவரை இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் ஒரு துளை தட்டவில்லை.